ஒரு லினக்ஸ், பல ஜிசிசி: உள்ளதைத் தொடாமல் இன்னொன்றைச் சேர்ப்பது எப்படி

"மச்சான், என்ட லாப்டொப்பில வடிவா ஓடுது. உன்ட லாப்டொப்பில ஏன் பிழை காட்டுது?" குறூப் புரொஜெக்ட் காலத்தில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து போர்டிங் அறைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில் பெரும்பாலும் இவ்வளவுதான்: ஒருவரிடம் உபுண்டு 22.04 இருக்கிறது, அதோடு வருவது ஜிசிசி 11. மற்றவரிடம் 24.04, அதோடு வருவது ஜிசிசி 13. ஜிசிசி என்பது நாங்கள் எழுதும் சி, சி++ நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலர். எழுதிய நிரல் ஒன்று, அதைப் படிக்கும் கம்பைலர்கள் இரண்டு.

இப்படி நேரும்போது இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் ஆலோசனை, கணினியின் இயல்பான ஜிசிசியையே மாற்றிவிடுங்கள் என்பதுதான். லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். கணினியோடு வந்த கம்பைலர் அதன் இடத்திலேயே இருக்கட்டும். வேண்டிய மற்றப் பதிப்பைப் பக்கத்தில் நிறுவி, எந்த வேலைக்கு எது என்று அந்தந்த வேலையிலேயே சொல்லுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த முறையைத்தான் விளக்குகிறது.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். உதாரணங்கள் எல்லாம் உபுண்டு 24.04 இற்கானவை.

நிறுவுமுன் பிழையை வாசியுங்கள்

பழைய பதிப்பு உண்மையிலேயே தேவையா என்று முதலில் பார்க்க வேண்டும். பல தடவை நிரலில் ஒரு வரியைத் திருத்தினாலே போதும். ஜிசிசியில் எப்போது எது இறுகியது என்று தெரிந்தால், பிழையின் முதல் வரியிலேயே காரணம் விளங்கிவிடும்.

2020 இல் வந்த ஜிசிசி 10, பல பழைய சி நிரல்களை நிறுத்தியது. ஒரு ஹெடர் கோப்பில் "எக்ஸ்டேர்ன்" போடாமல் ஒரு குளோபல் மாறியை எழுதி, அந்த ஹெடரை இரண்டு சி கோப்புகளில் சேர்த்திருப்பார்கள். முன்பு லிங்கர் (கம்பைல் செய்த துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி) இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஜிசிசி 10 முதல் "மல்டிபிள் டெஃபினிஷன்" என்று நின்றுவிடும். சரியான திருத்தம், ஹெடரில் எக்ஸ்டேர்ன் சேர்த்து, மாறியை ஒரே ஒரு சி கோப்பில் வரையறுப்பது. நாளைக்கே ஒப்படைக்க வேண்டும், கோப்புகளோ நூறு என்றால் "-எஃப்கொமன்" என்ற விருப்பத்தைக் கொடுத்துத் தற்காலிகமாகக் கடக்கலாம்.

ஜிசிசி 6 முதல் 10 வரை, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் சி++14 என்று எடுத்துக்கொள்ளும். 2021 இல் வந்த 11 முதல் அது சி++17. ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் "த்ரோ" போட்டு, அடைப்புக்குறிக்குள் விதிவிலக்கு வகைகளை எழுதிய பழைய நிரல்கள் இங்கே பிழையாகும். இதற்குப் பழைய கம்பைலர் தேவையே இல்லை. "-எஸ்டிடி=ஜிஎன்யூ++14" என்று சேர்த்தால் ஜிசிசி 13 கூட அந்த நிரலைப் பழைய விதிப்படி படிக்கும்.

2023 இன் ஜிசிசி 13 இல் சி++ ஹெடர்கள் ஒன்றையொன்று இழுத்துவருவது குறைந்தது. "யூஇன்ட்32_டி என்றால் என்ன?" என்ற பாணியில் பிழை வந்தால், கோப்பின் மேலே "சிஎஸ்டிடிஇன்ட்" ஹெடரைச் சேருங்கள். அடுத்த ஆண்டு வந்த ஜிசிசி 14, முன்பு எச்சரிக்கையோடு விட்டுவந்த ஒன்றைப் பிழையாக்கியது: சி மொழியில், அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது. தேவையான ஹெடரைச் சேர்க்க மறந்த அசைன்மென்ட்கள் எல்லாம் இதில் மாட்டும்.

இவற்றில் ஒன்று உங்கள் பிரச்சினை என்றால் நிரலைத் திருத்துங்கள். அந்தத் திருத்தம் பழைய ஜிசிசியிலும் ஓடும், புதியதிலும் ஓடும். மற்றொரு பதிப்பு மெய்யாகவே தேவைப்படும் இடங்களும் உண்டு. என்விடியா கிராஃபிக்ஸ் அட்டையில் நிரல் ஓட்டும் கூடா கருவித்தொகுதியின் 11.8 பதிப்பைப் பாவிப்பவர்களுக்கு ஜிசிசி 11 இற்கு மேல் செல்லாது, "அன்சப்போர்ட்டட் ஜிஎன்யூ வெர்ஷன்" என்று நின்றுவிடும். நீங்கள் தொடக் கூடாத வாடிக்கையாளர் நிரல், குறிப்பிட்ட பதிப்பிலேயே புள்ளி போடப்படும் அசைன்மென்ட், பல பதிப்புகளில் ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டிய சொந்த நூலகம் ஆகியவையும் அப்படித்தான்.

இருப்பது என்ன?

ஜிசிசி --வெர்ஷன்

இது எண்ணை மட்டும் சொல்லும். இதைவிடப் பயனுள்ளது:

எல்எஸ் -எல் /யூஎஸ்ஆர்/பின்/ஜிசிசி*

வரும் பட்டியலில் "ஜிசிசி" என்ற பெயருக்கு எதிரே அம்புக்குறி போட்டு "ஜிசிசி-13" என்று இருக்கும். அதாவது "ஜிசிசி" என்பது ஒரு சுட்டி மட்டுமே. உண்மையான கம்பைலரின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. பெயர்கள் வேறாக இருப்பதால் 11, 12, 13 மூன்றும் ஒரே அடைவில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கலாம். டெபியனும் உபுண்டுவும் இப்படி வடிவமைத்திருப்பதால்தான் எங்கள் வேலை இவ்வளவு சுலபமாகிறது.

பக்கத்தில் இன்னொன்று

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிசிசி-12 ஜி++-12

24.04 இன் களஞ்சியத்தில் (ஆப்ட் பொதிகளை இறக்கும் இடம்) ஜிசிசி 9 முதல் 14 வரை கிடைக்கும். ஜிசிசி-12 சி மொழிக்கு, ஜி++-12 சி++ மொழிக்கு. சி மட்டும்தான் எழுதுகிறீர்கள் என்றாலும் இரண்டையும் சேர்த்தே நிறுவுங்கள். ஜி++-12 ஐ விட்டுவிட்டால் சி கோப்புகள் 12 இலும் சி++ கோப்புகள் 13 இலுமாகக் கலந்து போகும், அதனால் வரும் பிழைகளைப் பிடிப்பது கடினம்.

நிறுவிய பிறகு மறுபடியும் ஜிசிசி --வெர்ஷன் போட்டுப் பாருங்கள். முன்பு காட்டிய 13 ஐயே காட்ட வேண்டும். ஜிசிசி-12 --வெர்ஷன் என்றால் 12 வரும்.

டேட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்டிங்கில் நாலு பேர் தனித்தனியே மொபைல் டேட்டாவில் இதே கோப்புகளை இறக்குவது வீண் செலவு. ஒருவர் இரவு நேர டேட்டாவில் இறக்கி, மற்றவர்களுக்குப் பென்டிரைவில் கொடுக்கலாம். அதற்கு "ஆப்ட்" அல்ல, "ஆப்ட்-கெட்" பாவியுங்கள். ஆப்ட், நிறுவி முடிந்ததும் இறக்கிய கோப்புகளை அழித்துவிடும், ஆப்ட்-கெட் வைத்திருக்கும்.

சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால் --டவுன்லோட்-ஒன்லி ஜிசிசி-12 ஜி++-12

கோப்புகள் /வேர்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் அடைவில் சேரும். அவற்றை ஒரு தனி ஃபோல்டரில் பிரதி எடுத்து, மற்றக் கணினியில் அந்த ஃபோல்டருக்குள் போய்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./*.டெப்

இரண்டு கணினிகளிலும் ஒரே உபுண்டு பதிப்பு, ஒரே வகை புரொசசர் இருக்க வேண்டும். முதல் கணினியில் ஏற்கெனவே இருந்த பொதிகள் இறங்கியிருக்காது, ஆகவே மற்றவரிடம் இல்லாத ஒன்றிரண்டை மட்டும் அவர் இணையத்தில் எடுக்க வேண்டி வரலாம். அப்படியானாலும் பெரும்பகுதி மிச்சம்தான். யூனிட்டி பிளாசாவில் பழைய லாப்டொப் வாங்கி அன்றைக்கே உபுண்டு ஏற்றிய நண்பருக்கு இது பெரிய உதவியாக இருக்கும்.

எந்த வேலைக்கு எது

ஒற்றைக் கோப்பு என்றால் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும் ("-வோல்" இன் முதலெழுத்து பெரிய எழுத்து):

ஜி++-12 -வோல் மெயின்.சிபிபி -ஓ மெயின்

மேக்ஃபைல் (எந்தக் கோப்பை எப்படிக் கம்பைல் செய்வது என்று "மேக்" கருவிக்குச் சொல்லும் கோப்பு) உள்ள புரொஜெக்ட் என்றால் இப்படி ("சிசி", "சிஎக்ஸ்எக்ஸ்" இரண்டும் பெரிய எழுத்தில்):

மேக் கிளீன்
மேக் சிசி=ஜிசிசி-12 சிஎக்ஸ்எக்ஸ்=ஜி++-12

முதல் வரியை விட்டுவிடாதீர்கள். கம்பைலர் மாறியது மேக்கிற்குத் தெரியாது, அது பார்ப்பது கோப்பின் நேரத்தை மட்டுமே. பழைய ஜிசிசி உருவாக்கிய ஆப்ஜெக்ட் கோப்புகள் கிடந்தால் அவற்றை அப்படியே எடுத்துச் சேர்த்துவிடும்.

சிசியின் பெறுமதியை மேக் என்ற சொல்லுக்குப் பின்னால் எழுதுவதும், "எக்ஸ்போர்ட்" செய்து சூழல் மாறியாக வைப்பதும் ஒன்றல்ல. மேக்ஃபைலுக்குள்ளேயே "சிசி = ஜிசிசி" என்று எழுதியிருந்தால் அது சூழல் மாறியை மீறிவிடும். மேக்கிற்குப் பின்னால் எழுதியதை அதனால் மீற முடியாது. எக்ஸ்போர்ட் செய்தும் பதிப்பு மாறவில்லை என்று தலையைப் பிய்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மேக்ஃபைலின் கட்டளை வரிகளில் சிசி மாறியைப் பாவிக்காமல் நேரடியாக "ஜிசிசி" என்றே எழுதியிருந்தால் எந்த வழியும் வேலை செய்யாது, மேக்ஃபைலைத் திருத்தத்தான் வேண்டும்.

புரொஜெக்டைக் கட்டும் மற்றொரு கருவியான சிமேக்கில் வேறொரு சிக்கல். முதல் தடவை ஓடும்போது கண்டுபிடித்த கம்பைலரை பில்ட் அடைவிலுள்ள சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அதன் பிறகு சிசி மாறியை எத்தனை தடவை மாற்றினாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே ஒவ்வொரு பதிப்புக்கும் தனி பில்ட் அடைவு வையுங்கள்:

சிமேக் -எஸ் . -பி பில்ட்-12 -டிசிமேக்_சி_கம்பைலர்=ஜிசிசி-12 -டிசிமேக்_சிஎக்ஸ்எக்ஸ்_கம்பைலர்=ஜி++-12
சிமேக் --பில்ட் பில்ட்-12

முதல் வரியில் எஸ், பி ("பில்ட்" இன் முதலெழுத்து), டி மூன்றும், அந்த டி-யோடு ஒட்டிவரும் நீண்ட பெயர்கள் இரண்டும் பெரிய எழுத்து. பில்ட்-12, பில்ட்-13 என்று இரண்டு அடைவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒப்பிடுவதும் எளிது, ஒன்றை அழித்தால் மற்றது கெடாது. குழுவாக வேலை செய்கிறீர்கள் என்றால் இதே தெரிவுகளை சிமேக்ப்ரீசெட்ஸ்.ஜேசன் கோப்பில் (பெயரில் சி, எம், ப்ரீசெட்ஸ் இன் முதலெழுத்து மூன்றும் பெரிய எழுத்து) எழுதி, நிரலோடு சேர்த்துக் கிட்டில் (குழுவாக நிரலைப் பகிரும் கருவி) வையுங்கள். புதிதாகச் சேரும் தங்கச்சிக்கோ தம்பிக்கோ ஒவ்வொரு தடவையும் வாயால் விளக்க வேண்டியிருக்காது.

ஒரே அடைவில் மாதக்கணக்கில் வேலை என்றால் டைரென்வ் என்ற சிறு கருவியைப் பரிந்துரைக்கிறேன். ஆப்ட் மூலம் நிறுவி, வீட்டு அடைவிலுள்ள .பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் அதன் ஹூக் வரியைச் சேர்க்க வேண்டும்:

ஈவல் "$(டைரென்வ் ஹூக் பாஷ்)"

பிறகு புரொஜெக்ட் அடைவில் .என்வ்ஆர்சி என்று ஒரு கோப்பு உருவாக்கி, இரண்டு வரி எழுதுங்கள் (சிசி, சிஎக்ஸ்எக்ஸ் இங்கும் பெரிய எழுத்து):

எக்ஸ்போர்ட் சிசி=ஜிசிசி-12
எக்ஸ்போர்ட் சிஎக்ஸ்எக்ஸ்=ஜி++-12

புதிய டெர்மினல் ஒன்றைத் திறந்து, அந்த அடைவுக்குள் போய் ஒருதரம் டைரென்வ் அலவ் என்று அனுமதி கொடுத்தால் போதும். உள்ளே நுழைந்தால் 12, வெளியே வந்தால் பழையபடி 13. கணினி முழுவதையும் மாற்றாமல் ஒரு அடைவை மட்டும் மாற்றும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது.

எந்தப் பதிப்பு உங்கள் நிரலை உருவாக்கியது என்று பின்னர் சரிபார்க்க (இங்கே "-பி" என்பது "பென்டிரைவ்" இன் முதலெழுத்து, சிற்றெழுத்தில்):

ரீட்எல்ஃப் -பி .கொமென்ட் ./மெயின்

இரண்டு ஜிசிசி எண்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நிரலின் தொடக்கத்தில் சேரும் சில சிறு கோப்புகள் சி நூலகத்தோடு வருபவை, அவை கணினியின் சொந்த கம்பைலரால் உருவானவை.

அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் ஏன் கடைசி வழி

அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் என்பது ஒரு கட்டளைப் பெயர் கணினி முழுவதற்கும் எந்தப் பதிப்பைச் சுட்ட வேண்டும் என்று மாற்றும் கருவி. இதைப் பாவித்தால் "ஜிசிசி" என்ற சுட்டியே 12 இற்கோ 9 இற்கோ திரும்பும். பிரச்சினை என்னவென்றால், அந்தப் பெயரை நம்பி இருப்பது நீங்கள் மட்டும் அல்ல.

கர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி, மொடியூல் என்பது அதோடு சேரும் துண்டு. என்விடியா டிரைவர், வேர்ச்சுவல்பொக்ஸ் போன்றவற்றின் கர்னல் மொடியூல்களை டிகேஎம்எஸ் என்ற கருவி ஒவ்வொரு கர்னல் அப்டேட்டின் போதும் உங்கள் கணினியிலேயே மறுபடி கம்பைல் செய்யும். மொடியூலுக்கும் கர்னலுக்கும் கம்பைலர் பொருந்த வேண்டும். உபுண்டு 22.04 இற்கு 6.5 கர்னல் வந்தபோது இது பலருக்கு நேரடியாகப் பட்டது. அந்தக் கர்னலை ஜிசிசி 12 கொண்டு உருவாக்கியிருந்தார்கள், 22.04 இன் இயல்பான ஜிசிசியோ 11. கர்னல் கேட்ட "-எஃப்ட்ரிவியல்-ஓட்டோ-வேர்-இனிட்" என்ற விருப்பம் ஜிசிசி 12 இல்தான் முதலில் வந்தது. 11 இற்கு அது தெரியாது, மொடியூல் உருவாகவில்லை, கணினியை மீள இயக்கியபோது என்விடியா டிரைவர் இல்லை. அசைன்மென்டுக்காக நீங்களே ஜிசிசியை 9 இற்கு இறக்கி வைத்தால், இரண்டு மாதம் கழித்து வரும் ஒரு சாதாரண அப்டேட்டில் இதே நிலைமை வரலாம். அப்போது அசைன்மென்ட் ஞாபகத்தில் இருக்காது.

உங்கள் கர்னல் எதில் உருவானது என்று பார்க்க: கேட் /புரொக்/வெர்ஷன்.

இதையெல்லாம் அறிந்தும் தேவைப்படும் சந்தர்ப்பம் இருக்கலாம், உதாரணமாக "ஜிசிசி" என்ற பெயரைத் தவிர வேறெதையும் ஏற்காத ஒரு பழைய ஸ்கிரிப்ட். அப்போதும் ஜிசிசியையும் ஜி++ ஐயும் ஒன்றாகப் பிணைத்தே மாற்றுங்கள்:

சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --இன்ஸ்டால் /யூஎஸ்ஆர்/பின்/ஜிசிசி ஜிசிசி /யூஎஸ்ஆர்/பின்/ஜிசிசி-13 130 --ஸ்லேவ் /யூஎஸ்ஆர்/பின்/ஜி++ ஜி++ /யூஎஸ்ஆர்/பின்/ஜி++-13

இதே வரியை 12 இற்கும் எழுதி, முன்னுரிமை எண்ணை 120 ஆக்குங்கள். பெரிய எண்ணுக்கே முதலிடம், அதனால் கணினியின் சொந்தப் பதிப்புக்கு எப்போதும் பெரிய எண்ணைக் கொடுங்கள். மாற்றுவதற்கு --கொன்ஃபிக் ஜிசிசி, வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப --ஓட்டோ ஜிசிசி. அந்தக் கடைசிக் கட்டளையை வேலை முடிந்த அன்றைக்கே ஓடவிடுங்கள்.

கூடாவுக்கு இது தேவையே இல்லை. கூடாவின் கம்பைலரான என்விசிசி கட்டளையோடு "-சிசிபின் ஜி++-11" என்று சேர்த்தால் அது மட்டும் 11 ஐ எடுத்துக்கொள்ளும்.

நிரலை இன்னொரு கணினிக்குக் கொடுக்கும்போது

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: "24.04 இல் ஜிசிசி 11 ஐ நிறுவி கம்பைல் செய்தால், 22.04 சேர்வரில் ஓடும்." ஓடும் என்று நம்ப முடியாது.

கம்பைலர் பழையதாக இருந்தாலும் அது இணைப்பது உங்கள் கணினியிலுள்ள சி நூலகத்தோடு, அதாவது ஜிலிப்சியோடு. 24.04 இல் ஜிலிப்சி 2.39, 22.04 இல் 2.35, 20.04 இல் 2.31. புதியதோடு இணைத்த நிரல் பழைய கணினியில் "ஜிலிப்சி_2.38 நொட் ஃபவுண்ட்" என்று நிற்கலாம். ஜிசிசி பதிப்பை எவ்வளவு இறக்கினாலும் இது மாறாது. "ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்" என்று தொடங்கும் பிழை வேறு, அது சி++ நூலகத்தைப் பற்றியது. அதை "-ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++" கொடுத்துத் தீர்க்கலாம். பிழையில் எந்தப் பெயர் வருகிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள், இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

சரியான வழி, பழைய உபுண்டுவுக்குள்ளேயே கம்பைல் செய்வது. அதற்கு ஒரு கன்டெய்னர் (உங்கள் கணினிக்குள் தனித்து ஓடும் இன்னொரு லினக்ஸ் சூழல்) போதும். கன்டெய்னர்களை ஓட்டும் பொட்மேன் என்ற கருவியை நிறுவிவிட்டு, புரொஜெக்ட் அடைவில் நின்று:

பொட்மேன் ரன் --ஆர்எம் -ஐடி -வி "$பிடபிள்யூடி":/வேர்க் -டபிள்யூ /வேர்க் டாக்கர்.ஐஓ/லைப்ரரி/உபுண்டு:22.04 பாஷ்

டாலர் குறிக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்துகள் பெரிய எழுத்து. உள்ளே போனதும் ஆப்ட் அப்டேட் செய்து, பில்ட்-எசென்ஷியல் நிறுவி, வழமைபோல மேக் செய்யுங்கள். உங்கள் கோப்புகள் /வேர்க் அடைவில் இருக்கும், உருவாகும் நிரல் வெளியே உங்கள் அடைவிலேயே கிடைக்கும். எக்ஸிட் என்று வெளியே வந்தால் கன்டெய்னர் மறைந்துவிடும், உங்கள் கணினியில் எதுவும் மாறியிருக்காது. கன்டெய்னருக்காக இறங்கும் உபுண்டு படிமம் சிறியது, இறக்க ஏறத்தாழ 30 எம்பி. பில்ட்-எசென்ஷியல் அதைவிடக் கூட எடுக்கும். ஜிசிசியின் பெயரிலேயே கிடைக்கும் ஆயத்தப் படிமங்கள் விரித்தால் ஒரு ஜிபியைத் தாண்டும், டேட்டா எண்ணிப் பாவிப்பவர்கள் யோசித்து எடுங்கள்.

களஞ்சியத்தில் இல்லாத மிகப் புதிய பதிப்பை மூலத்திலிருந்தே கட்டவும் முடியும். ஒப்ட் அடைவின் கீழ் தனிப் பிரிஃபிக்ஸ் கொடுக்க வேண்டும். பல ஜிபி இடமும், பழைய லாப்டொப் என்றால் பல மணி நேரமும் போகும், ஏனென்றால் ஜிசிசி தன்னைத்தானே மூன்று கட்டமாகக் கட்டிச் சரிபார்க்கும். தொடக்கத்தில் இது தேவைப்படாது. அலுவலகத்தில் ரெட் ஹேட், ரொக்கி வகை லினக்ஸ் சேர்வர்கள் என்றால் ஜிசிசி-டூல்செட்-12 போன்ற பொதிகள் இருக்கின்றன. எஸ்சிஎல் எனேபிள் ஜிசிசி-டூல்செட்-12 பாஷ் என்றால் அந்த ஷெல்லுக்குள் மட்டும் 12 இருக்கும், வெளியே சேர்வரின் சொந்தப் பதிப்பு அப்படியே.

அகற்றுவது

செமஸ்டர் முடிந்து 12 தேவையில்லை என்றால்:

சூடோ ஆப்ட் ரிமூவ் ஜிசிசி-12 ஜி++-12
சூடோ ஆப்ட் ஓட்டோரிமூவ்

அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸில் 12 ஐச் சேர்த்திருந்தால், இதற்கு முன் --ரிமூவ் ஜிசிசி /யூஎஸ்ஆர்/பின்/ஜிசிசி-12 என்று அங்கிருந்தும் எடுத்துவிடுங்கள். இரண்டு ஆப்ட் கட்டளைகளும் அகற்றப்போகும் பொதிகளின் பட்டியலைக் காட்டிவிட்டே உங்களிடம் கேட்கும். அந்தப் பட்டியலில் 12 என்ற எண் உள்ளவையும் அவற்றோடு வந்த நூலகங்களும் மட்டும் இருந்தால் சம்மதியுங்கள். பில்ட்-எசென்ஷியல், ஜிசிசி-13, எண் இல்லாத வெறும் ஜிசிசி ஆகியவற்றில் ஒன்றாவது கண்ணில் பட்டால் "என்" தட்டி நிறுத்தி, கட்டளையில் எழுதிய எண்ணைத் திரும்பப் பாருங்கள்.